பேசாத கீழ்ச்சுரம்

திங்கட்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு அந்தக் குழல் நின்றுபோனது. சும்மா நிற்கவில்லை, மானத்தை வாங்கிவிட்டு நின்றது.

ஐம்பத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்த ஒத்திகைக் கூடம். மற்றவர்கள் எல்லோரும் வாத்தியத்தை மடியில் கிடத்திக்கொண்டு சும்மா இருக்க, பேஸ் கிளாரினெட் என்ற அந்த நீளக் குழல் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம் அது. மொத்தம் ஆறே வரி. அடியிலிருந்து மெல்ல எழுந்து, மறுபடி அடிக்கே இறங்கி, கடைசிக் கீழ்ச்சுரத்தில் எட்டு எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். இந்த ஆறு வரிக்காகக் குழல்காரி மூன்று வாரமாக வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்திருந்தாள். அன்றைக்கு மூன்றாவது வரியில் இறங்கும்போது சுரம் படி தவறியதுபோல் தடுமாறியது. அடுத்த கணம் கீழே வரவேண்டிய சத்தம் கீச்சென்று மேலே கிளம்பியது. வயலின்காரர் ஒருவர் திரும்பியே பார்த்துவிட்டார்.

மறுபடி வாசித்தாள். மறுபடி கீச்சு.

இசைக்குழுத் தலைவர் கோலைக் கீழே வைத்தார். சிடுசிடுப்புக்குப் பேர்போன மனிதர் அவர். முந்தின வாரம்தான் டிரம்பெட் வாசிக்கிறவரைப் பார்த்து, “உங்க வீட்டுக் கதவு இப்படிச் சத்தம் போட்டா எண்ணெய் விடுவீங்களா மாட்டீங்களா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருந்தார். அப்படிப்பட்டவர் குழல்காரியிடம், “பரவாயில்லம்மா. முடிஞ்சா வாசிங்க. இல்லேன்னா அந்த இடத்தை செல்லோவுக்குக் குடுத்துடலாம். வியாழக்கிழமை மூணு மணி ஒத்திகையில பாத்து முடிவு பண்ணுவோம்,” என்றார். குரலில் அப்படி ஒரு கனிவு.

திட்டியிருந்தால் தேவலை. நாலு பேர் முன்னால் திட்டு வாங்குவதில் ஒரு மரியாதை இருக்கிறது, உன்னால் முடியும் என்று நம்புகிறவர்கள்தான் திட்டுவார்கள். இந்தக் கனிவு இருக்கிறதே, அது ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவர்களின் கனிவு. பதினோரு மாதமாக அவள் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை அவள் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் பாதி முகம் தூங்கிக்கொண்டிருந்தது. முகவாதம் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அவருக்கென்ன, அவர் வாயால் குழல் ஊதிப் பிழைக்கவில்லை. மூன்று மாதம் மருந்து, முகப்பயிற்சி, ஒரு கண்ணை மூடாமல் தூங்குவது என்று கழிந்தது. முகம் திரும்பியது, முக்கால்வாசி. சிரித்தால் இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். இடது கண் நேரங்காலம் இல்லாமல் தானாக நீர் விடும். துக்கமும் இல்லை, தூசியும் இல்லை, சும்மா விடும்.

வாசிப்பில்தான் சிக்கல். இடது உதடு கெட்டியாகப் பிடிக்காமல் காற்றை விட்டுவிட்டது. பிடிவாதக்காரி அல்லவா, விட்டேனா பார் என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஊதும் மவுத்பீஸை வாயின் வலது ஓரத்துக்குத் தள்ளி, அதைத் தாங்கும் வளைந்த உலோகக் கழுத்தையே தன் பக்கமாக இழுத்துப் பிடித்து, தாடையைக் கோணிக்கொண்டு ஊதினால் சத்தம் பழையபடி வந்தது. பார்க்கச் சகிக்காது. கண்ணாடி முன்னால் ஒரு தரம் பார்த்தாள், அதோடு சரி. குழுவில் “முழுசா சரியாயிடுச்சு” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். பின்வரிசையில் ஓரத்து நாற்காலி அவளுடையது. இசைத்தாள் வைக்கிற ஸ்டாண்டை மூக்கு மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நெற்றி மட்டும்தான் தெரியும். எட்டு மாதமாக இசைக்குழு அவள் நெற்றியோடுதான் பழகியது.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்தாள். முதல் சந்தேகம் ரீட் மேல், அந்தப் பிரம்புச் சீவல் கொஞ்சம் வளைந்தாலும் கழுத்தறுக்கும். ஐந்து ரீட் மாற்றினாள். ஐந்திலும் கீச்சு. மவுத்பீஸைக் கழுவி, நுனியில் பிசிர் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இல்லை. விரலால் அழுத்தும் கீகளின் அடியில் இருக்கும் மெத்தைகள் துளைகளைச் சரியாக மூடுகின்றனவா என்று மெல்லிய தாளை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்து இழுத்துப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாகப் பிடித்தன. கழன்ற ஸ்பிரிங் உண்டா என்று பின்னல் ஊசியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். குழலின் உடம்பு இரண்டு துண்டு. இரண்டையும் தனித்தனியே ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை மூடி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினாள். காற்று உள்ளே வரவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தம். வரவில்லை.

புதன்கிழமை மாலைக்குள் நோட்டில் பதினான்கு வரிக்கு எதிரே ‘சரி’ என்று எழுதியிருந்தாள். பதினைந்தாவது வரியில் ‘வாய்’ என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டாள். முகவாதம் திரும்பவும் வரலாம் என்று டாக்டர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அந்தப் போகிறபோக்கு வார்த்தை இப்போது வந்து நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வியாழக்கிழமை காலை சமையலறை மேசையில் உட்கார்ந்து, உடல்நிலை காரணமாகக் குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைவருக்கு நாலு வரி எழுதி, கவரில் போட்டுக் கைப்பையில் வைத்தாள். ரிப்பேர்காரர் ஒரு தரம் பார்த்துச் சொல்லட்டும். குழலில் கோளாறு என்றால் கவரைக் கிழித்துப்போடலாம். குழலில் ஒன்றுமில்லை என்றால் மூன்று மணிக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இருபத்தோரு வருட வேலைக்கு நாலு வரி. அவளுக்கே சிரிப்பு வந்தது, வலது பக்கம் மட்டும்.

கார் ஓட்டியது நாத்தனார். கணவனுடைய தங்கை, மேல்மாடியில் குடியிருப்பவள். வாயை வாடகைக்கு விட்டால் பணக்காரி ஆகிவிடுவாள். குழலின் நீளப் பெட்டியைப் பின்சீட்டில் கிடத்தி, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

“உங்க மூத்த பிள்ளைக்கு என்னாச்சு அண்ணி? ஜுரமா?”

“தொண்டை கட்டிக்கிச்சு.”

“இவனுக்குப் போய் இவ்வளவு கவலைப்படறீங்க. நான் ஒரு வாரம் முதுகு வலின்னு படுத்திருந்தேன், எட்டிப் பாக்கல.”

“ரெண்டு வேளை சாப்பாடு மேல அனுப்பிச்சேனே.”

“சாப்பாடு வந்துது. அண்ணி வரல,” என்றாள் நாத்தனார். அதற்குமேல் சீண்டவில்லை. பக்கத்து சீட்டில் அண்ணி கைப்பையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

ரிப்பேர்காரரின் பட்டறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. ஒரே அறை. ஜன்னலோரமாக நீள மேசை, அதில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருக்கும் திருகையோ ஸ்பிரிங்கையோ ஒட்டிவைத்திருந்தார், எழுதிவைப்பதில் நம்பிக்கை இல்லை. கூரையிலிருந்து நாலு சாக்ஸபோன்கள் தொங்கின. ஜன்னலுக்கு ஒரு கனத்த கறுப்புத் திரை. அவர் அறுபதை நெருங்குகிறவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் முகத்திலடித்தமாதிரி பேசுவார். அவளுடைய குழலைப் பதினாலு வருடமாக அவர்தான் பார்க்கிறார்.

“என்னம்மா பண்ணுது?”

“கீழ்ச்சுரம் பேசல அண்ணே. திடீர்னு. மேல தூக்கி அடிக்குது.”

“கீழ விழுந்துச்சா? எங்கயாவது இடிச்சுதா?”

“இல்ல.”

“யாராவது தூக்கினாங்களா?”

“நான்தான் தூக்கறேன். வேற யார் தூக்கப்போறா?”

“நான் தூக்கினேன், கார்ல,” என்றாள் நாத்தனார். “ஆனா அது இன்னைக்கு.”

அவர் பெட்டியைத் திறந்து உடம்புத் துண்டுகளையும், பளபளவென்று மேல்நோக்கி வளைந்த அடிப்பாகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். வளைந்த உலோகக் கழுத்தையும் அதன் நுனியில் இருந்த மவுத்பீஸையும் தொடவில்லை. அது அவர் வழக்கம். அடுத்தவர் வாய் வைத்ததில் அவர் வாய் வைக்கமாட்டார். “பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் குடுத்தா வாங்குவீங்களா?” என்பார். சுவரில் ஒரு ஆணியில் அவருடைய சொந்தக் கழுத்து தொங்கியது. எந்தக் காலத்திலோ உடைந்துபோன இதே மாதிரிக் குழலிலிருந்து எடுத்தது. அதில் அவருடைய மவுத்பீஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. எந்தக் குழல் வந்தாலும் அதை மாட்டித்தான் ஊதிப் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் தங்கள் கழுத்தைத் தாங்களே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். குழல்காரி அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள், கைப்பைக்குப் பக்கத்தில்.

ஒவ்வொரு கீயாக அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பட்டப்பகலில் அறை கன்னங்கரேலென்று ஆனது.

“என்ன, படம் போடப்போறீங்களா?” என்று நாத்தனாரின் குரல் கேட்டது.

“விளக்கு விடப்போறேன்.”

நுனியில் குட்டி பல்பு வைத்த ஒரு கம்பியைக் குழலுக்குள் விட்டார். மெத்தை எங்காவது சரியாக உட்காரவில்லை என்றால் அந்த இடுக்கில் வெளிச்சம் கோடாகக் கசியும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று கம்பியை நகர்த்தினார். குழல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு சின்ன வெளிச்சம், ஒரே ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தால் போதும். கோளாறு இருக்கவேண்டும் என்று அவள் அப்படி வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எங்கும் கசியவில்லை.

திரையைத் திறந்தார். ஆணியிலிருந்து தன் கழுத்தை எடுத்து மாட்டினார். நின்றபடியே ஊதினார்.

கீழ்ச்சுரம் வந்தது. மேசையில் இருந்த திருகுகள் அதிர்ந்தன. அதற்கும் கீழே போனார், அதுவும் வந்தது. இருக்கிற எல்லாவற்றிலும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கீழே சைக்கிள் கடையில் யாரோ சுத்தியலை நிறுத்தினார்கள்.

“குழல்ல ஒண்ணுமில்லம்மா,” என்றார். “கல்லுமாதிரி இருக்கு.”

நல்ல செய்தி சொல்லிவிட்டதாக அவர் நினைப்பு. குழல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“நல்லாப் பாத்தீங்களா அண்ணே?”

“நீங்களே கேட்டீங்களே. இதுக்குமேல என்ன சத்தம் வேணும்?”

“கேட்டேன்,” என்றாள். அப்படியானால் நான்தான். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இத்தனை நாளாகச் சந்தேகமாக இருந்தவரை அதில் ஒரு ஓரமாக உட்கார இடம் இருந்தது. இப்போது அந்த இடமும் போய்விட்டது. அவளுடைய குழல் இன்னொருத்தர் வாயில் அவ்வளவு அழகாகப் பேசியதைக் கேட்டபோது ஏற்பட்டது பொறாமைகூட இல்லை. பெற்ற பிள்ளை பக்கத்து வீட்டில் மட்டும் சிரித்துப் பேசுவதைப் பார்க்கிறமாதிரி இருந்தது.

எழுந்து, துண்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தாள். இடது கண் நீர் விட்டது, அது எப்போதும் விடுவதுதான். கடைசியாக, இதுவரை மடியில் வைத்திருந்த துணிச்சுருளைப் பிரித்து, கழுத்திலிருந்து மவுத்பீஸைக் கழற்றினாள். இரண்டும் பெட்டியில் தனித்தனிப் பள்ளத்தில் வைக்கவேண்டியவை.

“அதைக் கொஞ்சம் குடுங்க,” என்றார் ரிப்பேர்காரர்.

அவர் பார்த்தது கழுத்தின் நுனியில் சுற்றியிருந்த கார்க்கை. மவுத்பீஸ் அதன் மேல்தான் இறுக்கமாக உட்காரும். சாதாரணமாகச் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். இதில் ஒரு பக்கம் புதுசுமாதிரி தடியாக இருந்தது, மறுபக்கம் தாள்மாதிரி ஒட்டிப்போயிருந்தது.

“இது எப்படி ஒரு பக்கமா தேய்ஞ்சுது?”

“தெரியல அண்ணே.”

“தெரியாம எப்படித் தேயும்? நீங்க எப்படி ஊதறீங்க, ஊதிக் காட்டுங்க.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா விடுங்களேன். குழல்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டீங்க இல்ல, அவ்வளவுதான்.” அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அது அவர் மேல் வந்த கோபம் இல்லை என்று அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

நாத்தனார் ஸ்டூலைவிட்டு எழுந்தாள். ரிப்பேர்காரரிடம், “அவங்களுக்கு முகத்துல வாதம் வந்து சரியாச்சு. ஊதும்போது வாய் கோணிக்கும். யாரும் பாக்கக்கூடாதுன்னு நினைக்கறாங்க,” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் குழல்காரி.

“மாடிப்படி ஜன்னல்ல இருந்து பாத்தா உங்க ரூம் தெரியும் அண்ணி. எட்டு மாசமா தெரியுது.”

குழல்காரி, யாருக்கும் தெரியாது என்று எட்டு மாதமாக ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள். மேல்மாடியில் ஒருத்தி அத்தனையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் இருந்திருக்கிறாள். அதுவும் இந்த வாயை வைத்துக்கொண்டு.

ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கறுப்புத் திரையை இழுத்து மூடினார்.

“இப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது,” என்று இருட்டிலிருந்து சொன்னார். “எனக்குப் பாக்கவேண்டாம், தொட்டாப் போதும். உங்க கழுத்து, உங்க மவுத்பீஸ். நீங்க எப்பவும் ஊதறமாதிரியே ஊதுங்க.”

“நானும் கண்ணை மூடிக்கிறேன்,” என்றாள் நாத்தனார்.

“இருட்டுல கண்ணை மூடி என்ன பண்ணப்போறீங்க?”

“ஒரு மரியாதைதான்.”

கைப்பழக்கத்தில் அவள் குழலை இருட்டிலேயே பூட்டினாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மவுத்பீஸை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய், கழுத்தைத் தன் பக்கமாக இழுத்து, தாடையைக் கோணிக்கொண்டு ஊதினாள். கீச்.

“நிறுத்தாதீங்க. கீச்சுனாலும் ஊதிக்கிட்டே இருங்க.”

ஒரு குவளையில் கையை நனைக்கும் சத்தம் கேட்டது. அவர் ஈர விரல்களால் குழலின் அடியிலிருந்து மேலே தடவிக்கொண்டு வந்தார். எங்காவது காற்று கசிந்தால் ஈர விரலுக்குச் சில்லென்று தெரியும். அவள் ஊதினாள், குழல் கீச்சிட்டது, தடுமாறியது, மறுபடி கீச்சிட்டது. வெட்கங்கெட்டு ஊதினாள். விரல்கள் கீழ்த் துண்டைத் தாண்டின, மேல் துண்டைத் தாண்டின. கழுத்துக்கு வந்தன. நின்றன.

“இப்ப நேரா வெச்சு ஊதுங்க, இழுக்காம.”

நேராக வைத்தாள். கீழ்ச்சுரம் ஒரு கணம் நன்றாக எழுந்தது. உடனே இடது உதடு காற்றை விட்டுவிட, இருமலாக நின்றது.

“இப்ப பழையபடி உங்க பக்கம் இழுங்க.”

இழுத்தாள். கீச்.

“அப்படியே இருங்க. விடாதீங்க,” என்றார். கழுத்தின் நடுவில், இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும் வளையத்தின் ஓரத்தில், தன் கட்டை விரலை அழுத்தி வைத்தார்.

சுரம் இறங்கியது. கீச்சு அப்படியே கீழே போய் உட்கார்ந்தது. தடிமனாக, வட்டமாக, அவளுக்கு இருபத்தோரு வருடமாகத் தெரிந்த அந்தச் சத்தம் இருட்டை நிரப்பியது. அவளுடைய வாய், அவளுடைய கோணல், அவளுடைய காற்று. எட்டு எண்ணினாள். நிறுத்த மனம் வரவில்லை. பதினாறு எண்ணினாள். மூச்சு தீர்ந்து, நெஞ்சு காலியாகி, தலை சுற்றுகிறவரை ஊதினாள்.

“காத்து கழுத்துல போகுதும்மா,” என்றார் ரிப்பேர்காரர். “வாயில இல்ல.”

விளக்குக் கம்பியை அவளுடைய கழுத்துக்குள் விட்டு, வளையத்தை இரண்டு கையாலும் வலது பக்கம் நெருக்கிக் காட்டினார். மயிரிழைமாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. கையைத் தளர்த்தினால் மறைந்தது. பற்றவைத்த இடம் விரிந்திருந்தது. மேசைமேல் சும்மா கிடந்தால் மூடிக்கொள்ளும், அவள் இழுத்துப் பிடித்து ஊதினால் மட்டும் திறந்துகொள்ளும்.

அவளுக்குத் தன் நோட்டு ஞாபகம் வந்தது. பதினைந்து வரியில் கழுத்து இல்லவே இல்லை. வெறும் குழாய்தானே, துளையும் இல்லை கீயும் இல்லை, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தாள். தன் வாயைச் சந்தேகப்பட்டாள், மடியில் இருந்ததைச் சந்தேகப்படவில்லை.

ரிப்பேர்காரர் திரையைத் திறந்தார். பகல் வெளிச்சத்தில் அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

“முப்பத்தொரு வருஷமா என் கழுத்தைப் போட்டுத்தான் எல்லாத்தையும் ஊதிப் பாக்கறேன்,” என்றார். “எத்தனை பேரை ஒண்ணுமில்ல போங்கன்னு அனுப்பி வெச்சேனோ, தெரியல.” ஆணியைப் பார்த்தார். பிறகு அவளிடம், “இன்னைக்கு உங்களை அனுப்பி வெச்சிருப்பேன்,” என்றார். மனிதருக்கு நிஜமாகவே வலித்தது.

“கார்க்கைப் பாத்தீங்களே அண்ணே. அது போதும்.”

“எட்டு மாசம் ஒரே பக்கமா இழுத்திருக்கீங்க. பித்தளை பாவம், எத்தனை நாள்தான் தாங்கும்?” கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பலமில்லாத தாடை இழுத்து இப்படி விரியாதும்மா. உங்க வலது பக்கம் நல்லாவே பிடிக்குது.”

பர்னரைப் பற்றவைத்தார். பழைய பற்றை உருக்கி வழித்து, சுத்தம் செய்து, புதிதாகப் பற்றவைத்தார். வலது பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய பித்தளைப் பட்டையை முட்டுக்கொடுத்துச் சேர்த்தார். கார்க்கை உரித்துப் புதிதாகச் சுற்றினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில், எந்த வழக்கத்தையும் பார்க்காமல், அவளுடைய மவுத்பீஸைத் துடைத்துவிட்டுத் தானே வாயில் வைத்து, கழுத்தை வலது பக்கமாக இழுத்து ஊதினார். அவர் முகமும் கோணித்தான் போனது. நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றார். “இதே மாதிரி இழுத்தா ஆறு மாசத்துல திரும்பி வருவீங்க. நீங்க குழல்கிட்ட போகாதீங்க, குழல் உங்ககிட்ட வரட்டும். குழலைத் தரையில தாங்குற அடிக்கம்பியை இடது பக்கம் தள்ளி ஊனி, நாற்காலியைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் போட்டு உக்காருங்க. மவுத்பீஸ் தானா ஓரத்துக்கு வரும். ஆனா ஸ்டாண்டு உயரமா இருந்தா குழல் அதுல இடிக்கும். இறக்கித்தான் ஆகணும்.”

“எவ்வளவு இறக்கணும்?”

அவர் தன் மார்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.

படி இறங்கும்போது நாத்தனார் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பையில என்ன அண்ணி இருக்கு? காலையில இருந்து குழந்தைமாதிரி அணைச்சுக்கிட்டு வர்றீங்க.”

“ஒரு கடுதாசி.”

“யாருக்கு?”

“இனிமே யாருக்கும் இல்ல. வீட்டுக்குப் போய்க் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“இங்கயே கிழிங்க. உங்களை நம்ப முடியாது.”

காரில் உட்கார்ந்ததும் கிழித்தாள், நாலாக, எட்டாக. துண்டுகளை நாத்தனார் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கார் திருப்பத்தில் திரும்பும்போது குழல்காரி, “நாளையிலிருந்து நானே மேல வந்து சாப்பாடு குடுக்கறேன்,” என்றாள்.

“முதுகு சரியாயிடுச்சு அண்ணி.”

“பரவாயில்ல. வர்றேன்.”

மூன்று மணிக்கு ஒத்திகைக் கூடத்தில் எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குழல்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். அடிக்கம்பியை இடது பக்கம் ஊன்றினாள். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். அது சர்ரென்று இறங்கி மார்புக்கு நேரே நின்றது. எதிரே கூடம் முழுவதும் திறந்து கிடந்தது. அத்தனை முகங்களையும் எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் நேராகப் பார்த்தாள். அவர்களும் பார்க்கலாம், அதுதான் கஷ்டம்.

அந்த இடம் வந்தது. மற்றவர்கள் வாத்தியங்களை மடியில் கிடத்தினார்கள். தலைவர் கோலை அவள் பக்கம் திருப்பினார். செல்லோக்காரர் தயாராக வில்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

அவள் வாயின் ஓரத்தில் வைத்து, தாடையைக் கோணிக்கொண்டு வாசித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவதில் இறங்கினாள், படி இருந்தது. கடைசிக் கீழ்ச்சுரத்தில் போய் நின்றாள். செல்லோக்காரர் வில்லை இறக்கிக்கொண்டார். எட்டு எண்ணி நிறுத்தினாள்.

தலைவர் அவளைப் பார்த்தார். நெற்றியை இல்லை, முகத்தை, கோணிய வாயிலிருந்து நீர் விடும் இடது கண்வரை, முழுசாக.

“பேஸ் கிளாரினெட்,” என்றார் சிடுசிடுப்பாக. “கடைசிச் சுரம் என்ன, கப்பல் கிளம்புதா? கூடமே அதிருது. மத்தவங்க வாசிக்க வேண்டாமா? அடக்கி வாசிங்க. மறுபடியும், மேலேருந்து.”

யாரோ சிரித்தார்கள். டிரம்பெட்காரர் திரும்பி, இப்போது உன் முறையா என்பதுபோல் பார்த்தார்.

அவளுடைய இடது கண் தன் பாட்டுக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தது, அது நோயின் மிச்சம், அதற்கு அர்த்தம் கிடையாது. இப்போது வலது கண்ணும் சேர்ந்துகொண்டது. துடைக்க அவளுக்கு நேரம் இல்லை. பென்சிலை எடுத்து, இசைத்தாளில் அந்த இடத்தில் ‘அடக்கி’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.